நெடுந்தீவுல பாக்க அப்படி என்ன தான் இருக்கு?

மதுரைவாசி:
அடுத்த மாசம் யாழ்ப்பாணம் போறோம், நெடுந்தீவுக்கு ஒரு நாள் ஒதுக்கி வச்சிருக்கேன், ஆனா யூட்யூப்ல பாத்தா வெறும் கல்லும் பனையும் தான் தெரியுது, அப்புறம் நாலு குதிரை, ஒரு இடிஞ்ச கோட்டை, இதுக்காக ஒரு மணி நேரம் போட்ல போகணுமான்னு வீட்ல கேக்குறாங்க. அம்மாவும் வர்றாங்க, 62 வயசு. போனவங்க யாராவது சொல்லுங்களேன்.

தீவுப்பேரன்:
வெறும் கல் எண்டு சொல்லிப்போட்டியள், அந்தக் கல்லைப் பாக்கத்தான் தம்பி போகோணும் 😄 என்ர அம்மம்மா வீடு அங்கதான். வேலி எண்டா எங்களுக்கு முருகைக்கல்லுதான், அதான் பவளப்பாறைக் கல்லு, சீமெந்தும் இல்லை சாந்தும் இல்லை, கல்லுக்கு மேல கல்லை அடுக்கி விட்டிருக்கும், இடையில இருக்கிற ஓட்டையளுக்கால காத்து போகும். ஒரு கல்லைக் கிட்டப் போய் பாருங்கோ, தேன்வதை மாதிரி சின்னச் சின்னக் கண்ணா இருக்கும், ஒரு காலத்தில கடலுக்க உயிரோட கிடந்ததெல்லோ. மண்வெட்டியால ரெண்டு கொத்து கொத்தினா டங் எண்டு கல்லு தட்டும், பிறகு எங்க வயல் செய்யிறது, ஆடு மாடு, பனை, மீன்பிடி எண்டுதான் சனம் சீவிச்சது. கனக்கக் கிணறு உவர், நல்ல தண்ணி அள்ள அம்மம்மா குடத்தோட நடந்த கதையை இப்பவும் சொல்லுவா.

வடலி:
குதிரையை சும்மா நாலு குதிரைன்னு தள்ளாதீங்க ப்ரோ. போர்த்துக்கீசர் கொண்டு வந்தது, ஒல்லாந்தர் வளத்தது, அவங்க போனபிறகு அதுங்க பாட்டுக்கு காடா திரியுது, நம்ம ஊர் ரேஸ் குதிரை மாதிரி உயரம் இல்ல, குட்டையா இருக்கும். நான் போனப்போ நல்ல கோடை, குளத்துல நடுவுல மட்டும் கொஞ்சம் கலங்கல் தண்ணி, அதச் சுத்தி ஒரு பத்து பன்னெண்டு நின்னுச்சு, ஒரு குட்டி சேத்துல மூக்க வச்சு உறிஞ்சிட்டு இருந்தத பாத்ததும் போட்டோ எடுக்கவே மனசு வரல. வறட்சி முத்தினா செத்தும் போகுதாம். அப்புறம் பெருக்கமரம் (பாவோபாப்) பாருங்க, அடிமரம் பொந்து, உள்ள போய் நிக்கலாம்.

கடற்காத்து:
அம்மாவோட போறதெண்டா சோளகம், அதான் தென்மேல் காத்து, அடிக்கிற மாசத்தில வேண்டாம், அலை தூக்கிப் போடும். யாழ்ப்பாணத்தில இருந்து போட் வெளிக்கிடுற குறிகட்டுவானுக்கு பஸ் இருக்கு, வேலணை, புங்குடுதீவு தாண்டி கடலுக்கு நடுவால ரோட்டு, அதுவே ஒரு காட்சி. தீவில இறங்கினதும் திரும்பிற போட் எத்தினை மணிக்கெண்டு முதல் கேளுங்கோ, நான் கேக்காமல் விட்டு ஒரு இரவு அங்கயே கிடந்தனான். சனத்தோட கதைச்சால் குமுதினி படகைப் பற்றிச் சொல்லுவினம், 1985 மே 15 அதில போன சனத்தைக் கடலுக்க வைச்சு வெட்டிக் கொண்டவை, இண்டைக்கும் ஆக்கள் மறக்கேல்லை, நீங்களா கிண்டிக் கேக்காதேங்கோ.

மதுரைவாசி:
நன்றிண்ணா. அந்த ஒரு இரவு எங்க தங்கினீங்க? அம்மா இப்பவே பாய் சுருட்டுறாங்க.

கடற்காத்து:
ஒரு ஆச்சி வீட்டுத் திண்ணையில. ஒடியல் கூழ், அதான் காஞ்ச பனங்கிழங்கு மாவில காய்ச்சிற கூழ், தந்தவ, காசு வாங்கேல்லை.