நீலத்திரையா, முறிவா, தரிப்பா? வெள்ளிக்கு முதல் ஒரு சொல் வேணும்

கொக்குவில், வகுப்பு ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு மடிக்கணினி திருத்தும் வகுப்பொன்று நடத்துகிறேன். கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். பதினோராம் பக்கத்தில் நிற்கிறேன். வேலை செய்துகொண்டிருக்கும்போது திரை முழுக்க நீலமாகி, ஒரு வாசகமும் குறியீடும் காட்டி, கணினி தானாக மீளத் தொடங்குகிறதே, அதற்கு என்ன பெயர் எழுதுவது? பிள்ளைகள் "புளூ ஸ்கிறீன் அடிக்குது" என்கிறார்கள். நான் கரும்பலகையில் "நீலத்திரை" என்று எழுதியதும் பின்வாங்கில் சிரிப்பு எழும்பியது. நீலப்படம் என்ற சொல் அவர்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்போடு பாடம் குழம்பிவிட்டது.

இது எந்த ஒழுங்கும் இல்லாமல் வருவதைச் சொல்ல "எழுமாறாக" என்று எழுதியிருக்கிறேன், அதில் சிக்கல் இல்லை. கணிதத்தில் எழுமாற்று மாதிரி படித்த பிள்ளைகள். பெயர்ச்சொல் ஒன்றுதான் வேணும். "கணினி முறிவு" சரிவருமா?

சுன்னாகம், திருத்துநர்:

தங்கச்சி, கடைக்கு வாற சனம் சொல்லுறது "அண்ணை, லப்டொப் படுத்திட்டுது" எண்டுதான். ஆனால் பற்றறி போனாலும் படுத்திட்டுது, திரை போனாலும் படுத்திட்டுது. அதை வைச்சு ஒண்டும் பிடிக்க ஏலாது.

போன கிழமை வந்த ஒரு மெசினைச் சொல்லுறன். முதல் நாள் குறியீடு "மெமரி மனேஜ்மென்ட்". அடுத்த நாள் "பேஜ் ஃபோல்ட்". மூண்டாம் நாள் வேறொண்டு. ஒரு செலுத்தி, அதாவது ஒரு பாகத்தைக் கணினியோடை பேச வைக்கிற மென்பொருள், பிழையெண்டால் பெரும்பாலும் ஒரே குறியீடுதான் திரும்பத் திரும்ப வரும், சிலவேளை அந்தக் கோப்பின்ர பெயரும் கீழே கிடக்கும். குறியீடு ஒவ்வொரு நாளும் மாறினால் நான் முதலில் நினைவகத் துண்டான றாமிலைதான் கை வைப்பன். பின்மூடியைக் கழட்டினால் இரண்டு றாம். ஒண்டின்ர பொன்நிறப் பல்லெல்லாம் மங்கிப் போய்க் கிடந்தது. அழிறப்பராலை மெல்லத் தேய்ச்சுப் போட்டுப் பார்த்தன், சரிவரேல்லை. பிறகு ஒவ்வொண்டாய்த் தனியப் போட்டு இரவிரவாய் நினைவகச் சோதனை ஓட விட்டன். மங்கின துண்டு முதற்சுற்றிலேயே பிழை காட்டிச்சுது. மற்றது விடியும்வரை சுத்தம்.

இவ்வளவும் பிடிபட்டது, அந்தப் பிள்ளை மூண்டு குறியீட்டையும் கொப்பியிலை எழுதி வைச்சிருந்தபடியால்தான். குறியீட்டை எழுதி வை எண்டு ஞாபகப்படுத்திற சொல்லாய் வந்தால் நல்லது.

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

"படுத்திட்டுது" என்பதைக் கடைப்பேச்சு என்று தள்ளவேண்டாம். படுதல் என்றால் மறைதல், இறத்தல். படுஞாயிறு மறையும் ஞாயிறு. படுகளம் வீரர் வீழ்ந்த களம். கெடு கேடானது போலவும் சுடு சூடானது போலவும் படு பாடாகும், முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஆகவே "கணினிப்பாடு". சனத்தின் வாயில் உயிரோடு இருக்கிற வேரில் பிறந்த சொல் இது.

இன்னொன்று. மடிக்கணினி என்பதை மடிக்கின்ற கணினி என்று சிலர் விளங்கிக்கொள்கிறார்கள். அது பிழை. அப்படியானால் அது வினைத்தொகை. வினைத்தொகையில் வலி மிகாது, "மடிகணினி" என்று வரவேணும். ககர ஒற்று மிகுந்து நிற்பதால் மடியில் வைக்கும் கணினி என்பதே பொருள், உருபும் பயனும் உடன்தொக்க தொகை. மடிக்கு இறத்தல் பொருளும் உண்டு, சோம்பல் பொருளும் உண்டு. திருக்குறளின் 61ஆம் அதிகாரம் மடியின்மை. இதைக் கைநூலில் ஒரு அடிக்குறிப்பாகவேனும் போடுங்கள். பிள்ளைகள் கணினியோடு இலக்கணமும் படிக்கட்டும்.

ரொறொன்ரோ, மென்பொருள் பொறியியலாளர்:

ஐயாவின் விளக்கத்தைச் சேமித்து வைத்துவிட்டேன். ஆனால் "கணினிப்பாடு" ஆபத்தானது. செயற்பாடு, பயன்பாடு, கோட்பாடு என்றுதான் இன்றைய கண்ணில் பாடு விழுகிறது. கணினிப்பாடு என்றால் கணினி வேலை செய்கிற விதம் என்றுதான் பிள்ளை வாசிக்கும், நேர் எதிர்ப்பொருள்.

"முறிவு" எனக்கு அதைவிடக் கவலை. இங்கே ஒன்றும் முறியவில்லை. விண்டோஸ் என்ற பணிசெயல் முறைமையின் கருப்பகுதி தனக்குள் ஒரு பிழையைக் கண்டு, தொடர்ந்து ஓடினால் தரவு பழுதாகும் என்பதால் தானே தன்னை நிறுத்துகிறது. நிறுத்த முதல் நினைவகத்தில் இருந்ததை ஒரு கோப்பில் எழுதவும் பார்க்கிறது. 2024 ஜூலை 19 ஆம் திகதி ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் இப்படி நின்றன. காரணம் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான இற்றைப்படுத்தல். வன்பொருள் ஒன்றும் உடையவில்லை. மைக்ரோசொஃப்ட் இதற்கு வைத்த பெயரே ஸ்டொப் எரர், காட்டுவது ஸ்டொப் கோட். முறிவு என்று எழுதினால் பிள்ளை திருகாணி தேடும். நிறுத்தம் என்று எழுதினால் ஏன் நின்றது என்று கேட்கும்.

நீலம் என்ற சொல்லும் இனி நிலைக்காது. 2025 இல் விண்டோஸ் 11 இல் அந்தத் திரையைக் கறுப்பாக்கிவிட்டார்கள். சோதனைப் பதிப்புகளில் அது பச்சை.

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கறுப்பானதால் நீலம் கெடாது, தம்பி. மழைக்கறுப்பு முகிலை நீலமேகம் என்றுதானே சொல்கிறோம்? தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குச் சொன்ன மாயோன் கருநிறத்தவன். நாட்காட்டிப் படத்தில் நீலமாய் நிற்கிறான். கருமையும் நீலமும் தமிழில் ஒட்டிப் பிறந்தவை. பச்சைக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை.

உரும்பிராய், மொழிபெயர்ப்பாளர்:

மானிப்பாயில் அமெரிக்க மிசனறியான கிறீன் வைத்தியர் 1864 இலிருந்து தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். அதற்கென்று கலைச்சொற்களையும் தொகுத்தார். நோயாளிக்கு முன்னால் நிற்கிற மாணவனுக்கு விளங்கவேணும் என்ற தேவையிலிருந்து வந்த வேலை அது. எங்கள் மண்ணில் இந்த விவாதத்துக்கு நூற்றைம்பது வருசத்துக்கு மேல் வயது. அந்த அளவுகோலையே இங்கும் வைப்போம்: மெசினுக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்கு விளங்குமா?

ஸ்டொப்புக்கு எங்களிடம் சொல் இருக்கிறது. பஸ் தரிப்பிடம் என்று ஒவ்வொரு நாளும் வாசிக்கிறோம். "திடீர்த் தரிப்பு" என்று வைத்தால், குறியீடு "தரிப்புக் குறியீடு" ஆகிவிடும். சுன்னாகத்து அண்ணை கேட்டதும் அதற்குள் வந்துவிடுகிறது.

சென்னை, கணித்தமிழ் ஆர்வலர்:

இங்கே பேருந்து நிறுத்தம் என்போம். தரித்தல் என்றால் எங்கள் வாசகருக்கு உடை தரித்தல், வேடம் தரித்தல்தான். இரு கரைக்கும் பொதுவாக "நிலைகுலைவு" என்று வையுங்களேன். ஏற்கெனவே செய்தித்தாள் தமிழில் உள்ள சொல்.

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தரி வடசொல் வேரோடு போகிறது என்பார் உண்டு. தவிர்த்தால் நல்லது. நிலைகுலைவில் நிலையும் குலைதலும் நல்ல தமிழ்.

உரும்பிராய், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, உடுத்தலைக் குறிக்கும் தரி அப்படிப் போகட்டும். ஓரிடத்தில் தங்கி நிற்றலைக் குறிக்கும் தரியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் அம்மம்மா "கால் தரிக்குதில்லை" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தவ. நிலைகுலைவு அழகான சொல், ஆனால் அது விழுகிற நிலையைச் சொல்கிறது. ரொறொன்ரோத் தம்பி சொன்னபடி கணினி விழவில்லை, நின்றது.

சுன்னாகம், திருத்துநர்:

தரிப்புக் குறியீடு எண்டது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் உறைஞ்சு நிக்கிறதுக்கும் இதையே சொல்லாமல் பாருங்கோ. அதிலை குறியீடே வராது, திரை அப்பிடியே நிண்டுகொண்டிருக்கும். அது வேற வருத்தம். பிள்ளையள் இரண்டையும் குழப்பிப் போடுங்கள்.

கொக்குவில், வகுப்பு ஆசிரியை:

வியாழன் இரவு பதினொன்றரை. பிழைதிருத்தி முடித்துவிட்டேன். பதினோராம் பக்கத்தில் முதல் முறை "புளூ ஸ்கிறீன் எனப்படும் திடீர்த் தரிப்பு" என்றும், அதன் பிறகு "திடீர்த் தரிப்பு", "தரிப்புக் குறியீடு" என்றும் போட்டிருக்கிறேன். உறைந்து நிற்பதற்கு "உறைவு" என்று தனிப் பத்தி. முதற்பயிற்சி, குறியீட்டையும் நேரத்தையும் அப்போது என்ன திறந்திருந்தது என்பதையும் கொப்பியில் எழுதுவது. மடிக்கணினி இலக்கணம் பின்னட்டையின் உட்பக்கத்தில் வந்திருக்கிறது. சென்னை அண்ணாவின் கவலை நியாயமானது. ஆனால் இந்தப் பதிப்பு கொக்குவில் பிள்ளைகளுக்கு.

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, அச்சுக்குக் கொடுங்கள், மறிக்கமாட்டேன். இணங்கவும் இல்லை. மேசையில் இருந்த வேலை சேமிக்காமல் போய்விட்ட பிள்ளைக்கு அது தரிப்பு அல்ல, பாடுதான். ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். என் பிரதியில் அந்தச் சொல்லைப் பேனையால் எழுதிக்கொள்வேன்.