ரோடு பைக் (வளைந்த ஹேண்டில்பார் உள்ள வேகச் சைக்கிள்) வாங்கப் போன இடத்தில் மறக்க முடியாத ஆள், மறக்க முடியாத நிமிடம்: பகிருங்கள்

முட்டுக்காடு_காலை

சென்னையில் ஒரு கடை, பெயர் வேண்டாம். ஃபிரேம் சைஸ் 56, ரேஸ் ஃபிரேம், போன வருட மாடல், நல்ல தள்ளுபடி. என் உயரம் 171 செ.மீ. "கொஞ்சம் பெருசா இருந்தா என்ன சார், ஸ்டெம்மைச் சின்னதா மாத்தித் தந்துடறேன்" என்று ஓனர் பில் புத்தகத்தையே எடுத்துவிட்டார். ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் குட்டிக் குழாய். காலை இரண்டு பக்கமும் ஊன்றி நிற்க முடிகிறது, அதனால் சைஸ் சரி என்பது அவர் கணக்கு. மேல் குழாய் சரிந்து வரும் இப்போதைய ஃபிரேம்களில் அப்படி நின்று பார்ப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவருக்குப் போன் வந்து வெளியே போனார். மூலையில் ஹேண்டில்பாருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் பையன், டேப் முனையைப் பல்லில் கடித்தபடியே எழுந்து வந்தான். நான் டிரெய்னர் ஸ்டாண்டில் மாட்டிய சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறேன். "அண்ணே, ஹூட்ஸைப் பிடிச்சு முழங்கையை மடக்குங்க." ஹூட்ஸ், அதாவது பிரேக் லீவரின் ரப்பர் பிடி. மடக்கினேன். மடக்கிய உடனே இடுப்பு தானாக நழுவி சீட்டின் மூக்குக்கு வந்துவிட்டது. "பாத்தீங்களா" என்றான். ஹேண்டில் எனக்குத் தூரம், ஃபிரேம் பெரிது என்பது புரிந்தது. அவ்வளவுதான், போய் மறுபடி டேப் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

வாங்கவில்லை. வேறு இடத்தில் 54 எடுத்தேன். கோவளம் தாண்டி எதிர்காற்றில் முழங்கையை மடக்கிக் குனியும்போதெல்லாம் அந்தப் பையன் நினைவு வரும். வியாபாரத்தைக் கெடுத்தான் என்று அவனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

எழுபதாம்_வளைவு

பையன் நல்லவன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டெம் மாற்றுவதே ஏமாற்று வேலை என்கிற மாதிரி எழுதுவது சரியில்லை. 110 மி.மீ. ஸ்டெம்மை 90 ஆக்கினால் ஒன்றும் கெட்டுவிடாது. 60க்கு இறக்கினால்தான் ஹேண்டில் துறுதுறு என்று திரும்பும்.

அப்புறம், 54, 56 என்ற அந்த எண்ணையே நம்பாதீர்கள். நாமக்கல்லில் ஒருவர் வீட்டில் பழைய சைக்கிள் பார்க்கப் போனேன். ஏற்கெனவே என்னிடம் இருந்ததும் 54, அவருடையதும் 54. அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டையும் பின்சக்கரம் ஒட்டி நிறுத்தினோம். என் ஹேண்டில்பார் அவருடையதைவிட ஒரு கை அகலம் கீழே கிடந்தது. இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். என்னுடையது ரேஸ் ஜியாமெட்ரி (தாழக் குனிந்து ஓட்டும் வடிவம்), அவருடையது என்டியூரன்ஸ் (சற்று நிமிர்ந்து நெடுந்தூரம் ஓட்டும் வடிவம்). டிரெக்கில் மடோனும் டொமானியும், ஜயண்டில் டிசிஆரும் டிஃபையும் இப்படித்தான். ஒரே கம்பெனி, ஒரே சைஸ், உட்காரும் விதம் வேறு. ஸ்டாக், ரீச் இரண்டையும் பார்க்க வேண்டும். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சிலிருந்து ஹெட் டியூபின் (ஹேண்டிலுக்குக் கீழே உள்ள முன் குழாய்) உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் என்பது ரீச்.

அவருடையதை வாங்கிவிட்டேன். கொல்லிமலை இறக்கத்தில் டிராப்ஸை (ஹேண்டில்பாரின் கீழ் வளைவு) பிடித்து வர முடிகிறது, கழுத்து வலிக்கவில்லை.

சிறுவாணி_ரோடு

நான் 155 செ.மீ. கோவையில் ஒரு கடையில் என்னிடம் பேசவே இல்லை, கூட வந்த தம்பியிடம் "மேடத்துக்கு ஹைப்ரிட் போதும்" என்றார்கள். ஹைப்ரிட், அதாவது நேர் ஹேண்டில் உள்ள சாதாரணச் சவாரிக்கான சைக்கிள். ரோடு பைக்தான் வேண்டும் என்று நின்றேன். இருப்பதிலேயே சின்ன சைஸைக் கொடுத்தார்கள். கடை வாசலில் மெதுவாக யூ-டர்ன் அடித்தேன். ஹேண்டில் திரும்பியதும் வலது ஷூவின் முனை முன்சக்கரத்தில் போய் உரசியது. ரப்பர் உரசிய அந்த 'சர்ர்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சின்ன ஃபிரேமில் 700 சக்கரம் (ரோடு பைக்கின் வழக்கமான பெரிய சக்கரம்) போட்டால் இது சகஜம், வேகத்தில் தொல்லை இல்லை என்று அப்புறம் படித்தேன். ஆனால் அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல ஒருவர்கூட இல்லை.

இரண்டாவது கடையில் ஓர் அக்கா, என் விரல் பிரேக் லீவருக்கு எட்டவில்லை என்று நான் சொல்வதற்கு முன்பே பார்த்துவிட்டார். ஒரு குட்டி அல்லன் கீயை எடுத்து லீவரில் இருந்த ஸ்க்ரூவைத் திருகி உள்ளே கொண்டுவந்தார். அரை நிமிட வேலை. முதல் கடையில் இருந்ததும் ஷிமானோ லீவர்தான், அதிலும் அந்த ஸ்க்ரூ இருந்தது.

பிரெவேக்காரர்

200 கி.மீ. பிரெவே (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி), பதிமூன்றரை மணி நேரக் கெடு. முடித்தேன். மறுநாள் காலை சட்டைப் பட்டன் போட முடியவில்லை, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடந்தன. என் கதை அவ்வளவுதான், ஆனால் புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

முதலில் சீட் உயரம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை நன்றாக மேலே அழுத்தி வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்கவும். அதை 0.883ஆல் பெருக்கவும். 78 செ.மீ. என்றால் ஏறக்குறைய 69. கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்வரை அந்த அளவு. டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டும் அவருடைய பயிற்சியாளர் கிமாரும் பிரபலமாக்கிய கணக்கு. ஷூ, பெடல் தடிமனைப் பொறுத்துச் சில மில்லிமீட்டர் மாறும், ஆரம்பிக்க இது போதும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கட்டும்.

அடுத்தது, ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னே தள்ளாதீர்கள்! சீட்டின் இடம் பெடலைப் பார்த்து முடிவாக வேண்டியது. ஹேண்டில் தூரத்தை அதற்கப்புறம் ஸ்டெம்மால் சரிசெய்ய வேண்டும். சீட்டைத் தள்ளிப் பழகினால் எடை முழுக்கக் கையில் இறங்கும், முழங்காலும் வலிக்கும். ஹேண்டில்பார் அகலம் தோள் அளவுக்கு. சீட் அகலம் உட்காரும் எலும்பின் அளவுக்கு, மெத்தென்று இருக்கிறது என்பதற்காக வாங்கக் கூடாது. 

சிறுவாணி_ரோடு, நீங்கள் ரீச் குறைவான ஃபிரேமாகப் பார்த்து எடுத்திருக்கலாம்.

சிறுவாணி_ரோடு

பார்த்தேன் சார். ஆனால் சின்ன சைஸ்களில் மேல் குழாயின் நீளத்தை மட்டும் நம்பக் கூடாது. சீட் டியூபை (சீட்டைத் தாங்கும் குழாய்) செங்குத்தாக்கி அந்த எண்ணைக் குறைத்துக் காட்டியிருப்பார்கள். நீங்களே சொன்ன மாதிரி பெடலைப் பார்த்து சீட்டைப் பின்னே தள்ளி வைத்தால், குறைந்த தூரம் அப்படியே திரும்பி வந்துவிடும். நான் கடைசியில் எடுத்தது 80 மி.மீ. ஸ்டெம், 38 செ.மீ. ஹேண்டில்பார், 165 மி.மீ. கிராங்க். அந்த அக்காதான் மூன்றையும் மாற்றிக் கொடுத்தார், பழைய பாகங்களை எடுத்துக்கொண்டு விலை வித்தியாசம் மட்டும் வாங்கினார். கோவையில் யாருக்காவது கடை விவரம் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள்.