டச்சுப் பூ ஓவியங்களில் உதிர்ந்த இதழ் சாவைத்தான் சொல்கிறதா?

இலைநரம்பு:
லண்டன் நேஷனல் கேலரியில் டச்சு ஓவியர் யான் வான் ஹைசும் வரைந்த சுடுமண் சாடிப் பூக்கள் இருக்கின்றன. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "வாழ்வு நிலையாதது என்பதற்கான குறியீடு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்தப் படத்தில் கையெழுத்தோடு 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகளைக் குறித்திருக்கிறார். டுலிப் வசந்தத்தில் பூக்கும், ரோஜா கோடையில். ஒவ்வொன்றும் பூக்கும்வரை காத்திருந்து, நேரில் பார்த்துத் தீட்டியவர் அவர். மஞ்சள் ரோஜா கிடைக்காததால் ஒரு படம் முடியாமல் நிற்கிறது என்று 1742-இல் கடிதமே எழுதினார். சாவைச் சொல்ல ஏதோ ஒரு ரோஜா போதுமே. அவருக்கு அந்த மஞ்சள் ரோஜாதான் வேண்டியிருந்தது.

மாலைவெயில்:
காத்திருந்தார், சரி. அதனால் உள்ளுறை இல்லாமல் போய்விடுமா? 1603-இல் இன்னொரு டச்சு ஓவியர் ஜாக் தெ கெய்ன் வரைந்த படத்தில் மண்டையோடு, அதன்மேல் நீர்க்குமிழி, பக்கத்திலேயே பறித்த பூ. அந்த ஊர்க்காரர்களுக்குப் பூவும் சாவும் பழகிய ஜோடி. பின்னால் வந்தவர்கள் மண்டையோட்டை எடுத்துவிட்டார்கள். ஈயும் புழு அரித்த இலையும் அப்படியேதான் இருக்கின்றன.

இலைநரம்பு:
எடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் கட்சி! சாவைச் சொல்ல நினைத்தவர் மண்டையோட்டையே வைத்தார். ஈயும் புழுவும் தோட்டத்தில் இருப்பவை, அதனால் படத்திலும் இருக்கின்றன. தீக்கீற்று ஓடிய டுலிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸால் வந்த கோடுகள் அவை. 1637 பிப்ரவரியில் விலை சரியும்வரை அதன் கிழங்குக்காகக் காசைக் கொட்டினார்கள். ஆசைப்பட்டு வாங்கிய பூவை ஆசையோடுதான் சுவரிலும் மாட்டியிருப்பார்கள்.

வண்ணக்கிண்ணம்:
இடையில் ஒன்று. ஹைசும் படங்களில் இலைகள் நீலம் பாரித்துத் தெரிவதைச் சோகத்தின் நிறம் என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நீலத்தோடு சேர்த்த தாவர மஞ்சள் சாயம் வெளிச்சத்தில் வெளிறிப்போய், நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர் தீட்டியது பச்சை இலை. எந்தப் பக்கம் பேசினாலும் அந்தப் பச்சையை மனதில் வைத்துப் பேசுங்கள்.

மாலைவெயில்:
இலை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நானும் அப்படி நினைத்ததுண்டு. ஆனால் பூ ஓவியர் ராகெல் ரொய்ஸை என்ன செய்வீர்கள்? அவருடைய அப்பா ஃப்ரெடெரிக் உடற்கூறு அறிஞர். குழந்தைகளின் எலும்புக்கூடுகளை நிற்கவைத்து, நிலையாமை வாசகங்களோடு காட்சி அமைத்தவர். அந்த வீட்டில் வளர்ந்த பெண் வரைந்த வாடிய பூ, வெறும் பூவா?

இலைநரம்பு:
அதே அப்பா தாவரவியலும் கற்பித்தவர். மகள் அங்கே கற்றது உற்றுப் பார்ப்பதை. பத்துப் பிள்ளைகளைப் பெற்று, ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் அரசவைக்கும் ஓவியராக இருந்து, எண்பது தாண்டியும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

மாலைவெயில்:
கடைசிக் காலத்தில் கையெழுத்தோடு தன் வயதையும் பொறித்தாரே. 1747-இல் 83. உதிரப்போகும் பூவுக்குக் கீழே தன் வயது! இதற்குமேல் எப்படிச் சொல்வது?

இலைநரம்பு:
நான் அதை நேர்மாறாகப் படிக்கிறேன். 83 வயதிலும் என் கை இப்படி ஓடுகிறது, பார் என்கிறார்.