அப்பா கேரட் தோட்டத்தில் புதைத்த டம்ளர்

பாலிமர், அதாவது பிளாஸ்டிக் போன்ற பொருட்களின் ஆராய்ச்சிக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய பாடம் லேபில் கிடைத்ததல்ல.

எங்கள் ஊர் கோத்தகிரிப் பக்கம். அப்பா தேயிலைத் தோட்டத் தொழிலாளி. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கேரட் போடுவார். பிஎச்டி சேர்ந்த புதிதில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஒரு டம்ளரை ஊருக்கு எடுத்துப்போனேன். சோளத்திலிருந்து செய்தது, மண்ணில் போட்டால் மக்கிடும் என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா அன்று சாயங்காலமே வரப்போரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்.

மறு வருஷம் கேரட் பிடுங்கும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்டிருக்கிறது. நான் லீவில் போனபோது கழுவித் துடைத்து என் முன்னால் வைத்தார். விளிம்பு லேசாக வெளிறியிருந்தது, அவ்வளவுதான். 'மக்கும்' என்று அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை.

"ஏன் பாப்பா, மக்கிடும்னு சொன்னியே?"

நான் சொன்னதை நம்பிப் புதைத்தவர் கேட்கிறார். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. பிஎல்ஏவில் மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்திருக்கும், அதை முதலில் தண்ணீர் அறுக்க வேண்டும். துண்டான பிறகுதான் நுண்ணுயிர்கள் தின்னும். சுமார் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்தச் சங்கிலிகள் இறுகிக் கிடக்கும், தண்ணீரின் வேலையும் மந்தமாகிவிடும். உரமாக மக்கும் பிளாஸ்டிக் என்று சான்று தருவதற்கான சோதனையை 58 டிகிரியில், அதிகபட்சம் 180 நாள் நடத்துகிறார்கள். பெரிய உரக்கிடங்கில் அந்தச் சூடு இருக்கும். எங்கள் தோட்டத்து மண்ணில் அதில் பாதிகூட இருக்காது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதை எங்கள் மலையோடு ஒருமுறையும் சேர்த்து யோசிக்கவில்லை.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. நீலகிரியில் அதற்கு வெகு முன்பே தடை வந்துவிட்டது. இங்கே 'மக்கும்' என்று போட்டிருந்தால் ஜனங்கள் நம்பித்தான் வாங்குகிறார்கள்.

கைடிடம், அதாவது என் ஆய்வு வழிகாட்டியிடம், டம்ளரைக் காட்டி, குளிர்ந்த மண்ணில் மக்குவதையே தலைப்பாக எடுக்கிறேன் என்றேன். நீண்டநாள் இழுக்கும் என்று தயங்கினார், பிறகு சம்மதித்தார். இழுக்கத்தான் செய்கிறது. முதுமலைக் காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் உண்ணிச்செடி இருக்கிறதே, அதன் தண்டிலிருந்து செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைப் பிரித்து, பிளாஸ்டிக் தாள் மாதிரி மெல்லிய ஃபிலிம் செய்து பார்க்கிறேன். செல்லுலோஸைத் தின்னும் பூஞ்சைகள் நம் மண்ணிலேயே உண்டு, அவற்றுக்கு 58 டிகிரி தேவையில்லை. ஈரம் பட்டால் ஃபிலிம் தொய்ந்துபோவதுதான் இப்போதைய தலைவலி.

இந்தத் துறைக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு: எம்எஸ்சி வேதியியல் முடித்து சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023இலிருந்து மாதாமாதம் 37,000 ரூபாய். தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய தைரியம். என்னைப் படிக்க வைத்ததும் அந்தப் பணம்தான். பாலிமரை மட்டும் பிடித்துப் படிக்க சென்னையில் 1968இல் தொடங்கிய சிப்பெட் என்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. கைடைப் பார்க்கப் போகும்போது, அந்த லேபில் செய்கிற பொருள் கடைசியில் எங்கே போய் விழும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் சேருங்கள்.

என் ஃபிலிம் துண்டுகள் ஆறு இப்போது அதே வரப்போரம் கிடக்கின்றன. அப்பா தேதி எழுதி மூங்கில் குச்சி நட்டு வைத்திருக்கிறார்.