35 ரூபாவுக்கு வாங்கும் கடன்பத்திரம் 60 ரூபா தருமா? கணக்கில் எங்கே பிழை?

வந்தாறுமூலை மாணவி:
நொடிந்த கம்பனியின் கடனை வாங்கி முதலிடுவது பற்றி வியாழனுக்குள் ஒரு கேஸ் ஸ்டடி கொடுக்க வேண்டும். நான் எடுத்தது ஒரு கற்பனை அரிசி ஆலை. வங்கிக்கு ஈட்டுக் கடன் 40 கோடி, ஈடில்லாத கடன்பத்திரம் 60 கோடி. ஆலையை விற்றால் 60 கோடி வரும், ஆக 100 ரூபாக் கடனுக்கு 60. பத்திரத்தை 35க்கு வாங்கினால் லாபம் 71 சதவீதம். "அப்படியென்றால் ஏன் ஒருவரும் வாங்கவில்லை?" என்று சேர் கேட்டார். எக்செல்லை மூன்று தரம் பார்த்துவிட்டேன், பிழை பிடிபடவில்லை.

கல்லடி:
தங்கச்சி, எல்லாரையும் ஒரே பந்தியில் இருத்திவிட்டீர்கள். முதல் பந்தி வங்கிக்கு, 40 கோடி. கலைப்புச் செலவு, தொழிலாளரின் ஈ.பி.எஃப். பாக்கி எல்லாம் 5 கோடி என்று வையுங்கள். மிச்சம் 15 கோடியை 60 கோடிக்குப் பிரித்தால் 100க்கு 25தான். 35க்கு வாங்கினால் 10 ரூபா போச்சு. 15க்கு வாங்கினால் சரி, ஆனால் காசு எப்போது கைக்கு வரும்? 2 வருடத்தில் என்றால் ஆண்டுக்கு 29 சதவீதம். வழக்கு 4 வருடம் இழுத்தால் 14கூட இல்லை.

வந்தாறுமூலை மாணவி:
அட, வரிசை! நன்றி அண்ணா. ஆலையை விற்காமல் ஓட்டினால்?

கல்லடி:
அப்போது பத்திரக்காரருக்குக் காசுக்குப் பதில் பங்கு கொடுப்பார்கள். அமெரிக்காவில் கேமார்ட் என்ற பெரிய கடைத்தொடர் 2002 ஜனவரியில் நொடித்தது. எடி லாம்பர்ட் என்ற முதலீட்டாளர் அதன் கடனை மலிவாக வாங்கினார். 2003 மே மாதம் கம்பனி மீண்டபோது பெரும்பங்கு அவர் கையில். கடைகளின் இடத்துக்கு இருந்த மதிப்பைப் பலர் கவனிக்கவில்லை.

சம்மாந்துறை, ஓய்வுபெற்ற வங்கியாளர்:
மகள், இரண்டு விசயம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே இலங்கையில் வங்கி நீதிமன்றம் போகாமலே ஈட்டை ஏலம் விடலாம். பராட்டே என்பது அதைத்தான். பத்திரக்காரருக்கு அந்த வசதி இல்லை. மற்றது, அந்த 60 கோடியை யார் மதித்தது? ஒருமுறை ஒரு மில்லுக்கு இருப்புப் பார்க்கப் போனேன். கணக்குப் புத்தகத்தில் 3,000 மூடை நெல். மேல் வரிசை பொன்னாக இருந்தது. கீழே கையை விட்டால் ஈரம், கறுப்பு, வண்டு. உங்கள் தாளில் ஆலை 45 கோடிக்குத்தான் போகும் என்றும் ஒரு கணக்குப் போடுங்கள்.

வந்தாறுமூலை மாணவி:
போட்டேன் ஐயா. வங்கிக்கு 40, மற்றதுக்கு 5. பத்திரத்துக்குப் பூச்சியம்.