நாலு பாட்டில் லேபிளையும் படித்துவிட்டேன், தலை சுற்றுகிறது: எந்த ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எதற்கு?

மூச்சிரைப்பு:

வணக்கம். அரை மாரத்தானுக்குப் பழகிக்கொண்டிருக்கிறேன். வயது 43, வேகம் ஆமை வேகம். வாரக் கடைசியில் ஓடும் நீள ஓட்டம் முடிய இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். வியர்வையோ மழையில் நனைந்த மாதிரி. திரும்பி வந்து தொப்பியைக் கழற்றினால் கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன் 16ஆவது கிலோமீட்டரில் கால் இரண்டும் துவண்டுவிட்டன. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வழியாக வந்த ஒரு பாட்டி, "யாரையாவது கூப்பிடட்டுமா தம்பி?" என்று கேட்டார். தம்பி என்றதில் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான், ஆனால் பதில் சொல்லக்கூட மூச்சு இல்லை. இத்தனைக்கும் இடுப்பில் பானம் இருந்தது, குடித்துக்கொண்டேதான் ஓடினேன். வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் சர்க்கரை பூஜ்யம்! முன்பக்கம் 'எலக்ட்ரோலைட்' (சோடியம், பொட்டாசியம் மாதிரி உப்புச்சத்து) என்று கொட்டை எழுத்தில் இருந்ததைப் பார்த்து, தெம்பு தரும் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

இப்போது மேசையில் நாலு பாட்டில் வரிசையாக நிற்கின்றன: கேட்டரேட், பவரேட், போகாரி ஸ்வெட், பிரைம் ஹைட்ரேஷன். ஒப்பிடலாம் என்று உட்கார்ந்தால் ஒன்று 591 மில்லி பாட்டில் முழுவதற்கும் கணக்குச் சொல்கிறது, ஒன்று 355 மில்லிக்கு, ஒன்று 100 மில்லிக்கு. அதிலும் சோடியம் என்று போடாமல் உப்பு என்று போட்டிருக்கிறது. பிரைமில் பொட்டாசியம் 700 மில்லிகிராம், மற்றதில் எல்லாம் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கிறது. அப்படியென்றால் அதுதான் சிறந்ததா? வைட்டமின், அமினோ அமிலம் என்று வேறு ஒரு பட்டியல் ஓடுகிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஏற்றப்பாதை:

பதினோரு வருடமாக நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறேன். உங்கள் விளக்குக் கம்பம் மாதிரி எனக்கு ஒரு மைல்கல் உண்டு. அதில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே படியில் அளந்து பாருங்கள். சோடியத்தை ஒரு லிட்டருக்கு, மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட், சர்க்கரையும் இதில் அடக்கம்) 100 மில்லிக்கு. உப்பு என்று போட்டிருந்தால் இரண்டரையால் வகுத்தால் சோடியம் கிடைக்கும்.

கேட்டரேட் 591 மில்லி பாட்டிலில் சோடியம் 270 மில்லிகிராம், மாவுச்சத்து 36 கிராம். லிட்டருக்குச் சுமார் 450 மில்லிகிராம் சோடியம், 100 மில்லிக்கு 6 கிராம் மாவுச்சத்து. போகாரி ஸ்வெட் 100 மில்லிக்கு உப்பு 0.12 கிராம், மாவுச்சத்து 6.2 கிராம் என்கிறது. வகுத்துப் பார்த்தால் அதுவும் லிட்டருக்கு 480 மில்லிகிராம் அளவில் வந்து நிற்கும். ஒன்று 1965இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து அணிக்காகக் கலக்கியது, இன்னொன்று 1980இல் ஜப்பானில் ஒரு மருந்து நிறுவனம் கொண்டுவந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. சுவைதான் வேறு. பவரேட் (அமெரிக்காவில் இப்போது விற்பது) 355 மில்லிக்கு 240 மில்லிகிராம் சோடியம், லிட்டருக்கு 670க்கு மேல். மாவுச்சத்து மற்ற இரண்டையும் போலத்தான்.

பிரைம் 500 மில்லியில் சோடியம் 10 மில்லிகிராம். ஆமாம், பத்துதான். சர்க்கரை 2 கிராம். மீதி இனிப்பு சுக்ரலோஸும் அசிசல்ஃபேம் பொட்டாசியமும் தருவது.

இப்போது வியர்வைப் பக்கம் வாருங்கள். வியர்வையில் ஒரு லிட்டருக்குச் சராசரியாக 1 கிராம் அளவுக்குச் சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். சிலருக்கு 200 மில்லிகிராம்தான், சிலருக்கு 2 கிராமை நெருங்கும். தொப்பியில் உப்புப் பூக்கிறது என்கிறீர்களே, நீங்கள் மேல் பக்கத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. பொட்டாசியம் போவது லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவுதான். ஆக பிரைம் எதைத் தாராளமாகத் தருகிறதோ அது உங்களிடமிருந்து அதிகம் போகவே இல்லை. எது போகிறதோ அதை அது தரவில்லை. சும்மா உட்கார்ந்து குடிக்கக் கெட்டது என்று சொல்லவில்லை. ஓடுகிறவருக்கான கணக்கு அதில் இல்லை, அவ்வளவுதான். அதில் பத்து சதவீதம் இளநீர் இருக்கிறது. இளநீருக்கே பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு.

வைட்டமின் பி, அமினோ அமிலம்: இரண்டரை மணி நேர ஓட்டத்தில் இவற்றால் ஒன்றும் ஆகப்போவதில்லை. விடுங்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். 'சர்க்கரை' வரியைப் பார்க்காதீர்கள், 'மொத்த மாவுச்சத்து' வரியைப் பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். அது நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது, சர்க்கரைக் கணக்கிலும் பெரும்பாலும் வராது, ஆனால் உடலுக்குள் போனதும் குளுக்கோஸ்தான். மாவர்ட்டன் 320 என்ற தூள் 500 மில்லியில் 80 கிராம் மாவுச்சத்து தருவது மால்டோடெக்ஸ்ட்ரினையும் ஃப்ரக்டோஸையும் வைத்துத்தான். கேட்டரேட் அளவை விட இரண்டரை மடங்கு. பழகாமல் அதைக் குடித்தால் வயிறு புரட்டலாம், எச்சரிக்கை.

மூச்சிரைப்பு:

அக்கா, ரொம்ப நன்றி. (அக்கா என்று கூப்பிடலாம்தானே, மைல்கல்லில் அழுத கதையைப் படித்த பிறகு வேறு எப்படிக் கூப்பிடுவது.) இரண்டு சந்தேகம். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் பொட்டாசியம் குறைவு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? இன்னொன்று, சர்க்கரையே இல்லாமல் சோடியம் மட்டும் அதிகம் உள்ள தூள் வாங்கினால் உடம்புக்கு நல்லதுதானே? எனக்கு ஏற்கெனவே தொப்பை இருக்கிறது.

ஏற்றப்பாதை:

தாராளமாகக் கூப்பிடுங்கள்.

கெண்டைக்கால் விஷயத்தில் பொட்டாசியத்தைக் குற்றவாளி ஆக்க ஆதாரம் பலமாக இல்லை. பழகாத தூரம், பழகாத வேகம், களைத்துப்போன தசை, இவைதான் பெரும்பாலும் காரணம். எனக்கு இழுத்ததெல்லாம் ஏற்றத்தில் வீம்புக்கு மிதித்த நாட்களில்தான்.

சர்க்கரை இல்லாத தூள் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் போதும். சொல்லப்போனால் அதற்கு வெறும் தண்ணீரே போதும். எல்எம்என்டி என்ற தூளில் ஒரு பொட்டலத்துக்கு 1000 மில்லிகிராம் சோடியம், சர்க்கரை இல்லை. நூன் ஸ்போர்ட் மாத்திரையில் 300 மில்லிகிராம் சோடியம், சர்க்கரை 1 கிராம். இரண்டுமே உப்புக்கு வழி சொல்கின்றன, எரிபொருளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு 16ஆவது கிலோமீட்டரில் தீர்ந்தது உப்பு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தசையில் சேர்த்துவைத்த மாவுச்சத்து கரைந்துவிட்டது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அது நடக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பதுதான் பொதுவான அறிவுரை.

தொப்பையை ஓட்டத்துக்கு நடுவில் குறைக்க நினைக்காதீர்கள். அதே பாட்டிலை மாலையில் டிவி முன்னால் உட்கார்ந்து குடித்தால், அது வேறு கதை. கேட்டரேட் பாட்டிலில் இருக்கும் 34 கிராம் சர்க்கரை என்பது எட்டு டீஸ்பூன்.

இரவுப்பணி:

வார்டில் வேலை பார்க்கிறேன். இடையில் புகுந்து ஒன்று சொல்கிறேன்.

வயிற்றுப்போக்குக்கு இந்தப் பாட்டில்களை வாங்கிக் கொடுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 1700 மில்லிகிராமுக்கு மேல், குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அக்கா சொன்ன பானங்களில் சோடியம் அதில் கால் பங்கு, பவரேட் என்றால் கொஞ்சம் கூட. சர்க்கரையோ நாலு மடங்குக்கு மேல். சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். ஓஆர்எஸ் அந்தக் கணக்கில் செய்தது. இந்தப் பானங்கள் ஓடும்போது எரிக்க எரிபொருள் தரச் செய்தவை. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

இன்னொன்று: தாகம் இல்லாமலே மடக் மடக்கென்று குடிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரைப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் பலர் ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தார்கள், அதாவது வியர்த்ததை விட அதிகமாகக் குடித்திருக்கிறார்கள். மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், குடிக்க நேரம் நிறைய இருப்பதால். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடித்தாலும் தப்பிக்க முடியாது. ரத்தத்தில் லிட்டருக்குச் சோடியம் 3 கிராமுக்கு மேல், பாட்டிலில் அரை கிராம். அளவுக்கு மீறினால் அதுவும் நீர்த்துப்போகத்தான் செய்யும்.

ரத்த அழுத்தமோ சிறுநீரகத் தொந்தரவோ இருந்தால் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் டாக்டரிடம் கேட்காமல் கூட்டாதீர்கள்.

பந்துபொறுக்கி:

என் பையனுக்கு 10 வயது. 40 நிமிடம் பந்து விளையாடிவிட்டு வந்து நீலக் கலர் பாட்டிலைத்தான் கேட்பான். அவன் பல்லைப் பார்த்த பல் மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்ன குடிக்கிறான்?" இந்தப் பானங்களின் அமிலத்தன்மை பெரும்பாலும் பிஎச் 3ஐச் சுற்றி இருக்கும் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்), பல் எனாமல் 5.5க்குக் கீழே கரைய ஆரம்பிக்கும். சிட்ரிக் அமிலம்தான் காரணம், சர்க்கரை இல்லாத வகையிலும் அது உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011லேயே சாதாரணமாக விளையாடும் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை, தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டது. இப்போது வீட்டில் தண்ணீர்தான். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

மூலப்பொருள் பட்டியலில் எனக்குத் தெரிந்தது கலர் ஒன்றுதான். மஞ்சள் 5 என்று இருப்பது டார்ட்ராசின். ஐரோப்பாவில் அது இருந்தால் பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று பாட்டிலிலேயே எச்சரிக்கை போட வேண்டும். முன்பு சிலவற்றில் புரோமின் கலந்த எண்ணெய் இருந்ததாமே, இப்போதும் உண்டா?

ஏற்றப்பாதை:

புரோமினேற்றிய தாவர எண்ணெயைக் கேட்டரேட் 2013இலும் பவரேட் 2014இலும் எடுத்துவிட்டன. அமெரிக்காவில் 2024இல் உணவில் சேர்க்கவே அனுமதி இல்லை என்று ஆகிவிட்டது. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை எண்ணெய் மேலே மிதக்காமல் இருக்கத்தான் அதைப் போட்டார்கள். இப்போது அந்த வேலையை மரப்பிசின் வகைகள் பார்க்கின்றன. பட்டியலில் சோடியம் சிட்ரேட், மோனோபொட்டாசியம் ஃபாஸ்பேட் என்றெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டாம், சோடியமும் பொட்டாசியமும் அந்த வேஷத்தில்தான் வருகின்றன. கேட்டரேட்டில் சர்க்கரையும் டெக்ஸ்ட்ரோஸும், அமெரிக்கப் பவரேட்டில் சோளச் சர்க்கரைப் பாகு. ஓடுகிற காலுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நாட்டுக்கு நாடு கலவை மாறும், கையில் இருக்கும் பாட்டிலைத்தான் படிக்க வேண்டும்.

மூச்சிரைப்பு, இதை எல்லாம் வாங்காமலே நான் கலக்குவதைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, 1.5 கிராம் உப்பு (கால் டீஸ்பூன்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. ஆறு சதவீத மாவுச்சத்து, 590 மில்லிகிராம் சோடியம். உப்பைக் கண் அளவில் போடாதீர்கள், நான் ஒரு தடவை போட்டு முழு லிட்டரையும் செடிக்குக்கூட ஊற்ற முடியாமல் கொட்டினேன்.

அடுத்த ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், நனைந்த துணியைக் கழற்றிவிட்டு. குறைந்த எடையோடு குடித்ததைக் கூட்டினால் வியர்வை அளவு தெரிந்துவிடும்.

மூச்சிரைப்பு:

பார்த்துவிட்டேன். கிளம்பும்போது 74.2 கிலோ, வந்தபோது 72.9. நடுவில் குடித்தது உங்கள் கலவை 750 மில்லி. ஆக இரண்டரை மணி நேரத்தில் வியர்த்தது இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். விளக்குக் கம்பத்தைத் தாண்டிவிட்டேன். 19ஆவது கிலோமீட்டரில் மறுபடி கால் கனத்தது, ஆனால் நிற்கவில்லை. எலுமிச்சை கொஞ்சம் தூக்கல், அடுத்த முறை குறைக்க வேண்டும்.

ஏற்றப்பாதை:

எடை இழப்பு இரண்டு சதவீதத்துக்குள், அது சரி. மாவுச்சத்துதான் பற்றவில்லை. 750 மில்லியில் 45 கிராம், மணிக்கு 18 தான். தண்ணீரைக் கூட்ட இடமில்லை என்றால் சர்க்கரையை லிட்டருக்கு 80 கிராம் ஆக்குங்கள். அதற்கு மேல் போனால், பழகாத வயிற்றில் தேங்கலாம். இல்லையென்றால் பிரைம் தவிர மற்ற மூன்று பாட்டிலில் ஒன்றைக் காலையிலேயே கொண்டுபோய் 10ஆவது கிலோமீட்டரில் ஒளித்து வையுங்கள்.

மூச்சிரைப்பு:

விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒரு புதர் இருக்கிறது. அந்தப் பாட்டி எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.