மெத்தைக் கடை எரிந்தது, தரையில் பெட்ரோல் தடம் என்கிறார்கள். அதை வைத்து முடிவுகட்ட முடியுமா?

திருப்பாப்புலியூரான்:

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கடலூர் திருப்பாப்புலியூரில் எங்கள் மாமா மெத்தைக் கடை வைத்திருந்தார். இலவம்பஞ்சு, ஃபோம், தலையணை, பாய் எல்லாம் கலந்த சின்னக் கடை. பின்பக்கம் தைக்கிற இடம், அங்கேயே மீட்டர் போர்டு, ஓரத்தில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். போன வாரம் நள்ளிரவு தாண்டித் தீப்பிடித்துவிட்டது. ஷட்டர் இடுக்கில் புகை வருவதைப் பார்த்து எதிர்க்கடை வாட்ச்மேனும் இன்னும் இரண்டு பேரும் பூட்டை உடைத்து ஷட்டரைத் தூக்கியிருக்கிறார்கள், தூக்கிய கொஞ்ச நேரத்தில் குபீரென்று நெருப்பு தெரு வரைக்கும் பாய்ந்து வந்ததாம், அவர்கள் தப்பித்ததே பெரிய விஷயம். அப்புறம் தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. அணைத்த பிறகும் விடியும்வரை மிச்ச மெத்தைகளை வாரி வாரி வெளியே போட்டுக் கிழித்துத் தண்ணீர் அடித்தார்கள்.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தார். டைல்ஸ் மேல் அங்கங்கே திட்டுத்திட்டாகக் கறுப்பு, ஷட்டர் பக்கம் ரொம்ப அதிகம், ஒரு இடத்தில் டைல்ஸ் வெடித்து அடியில் சிமெண்டும் பெயர்ந்திருக்கிறது, ஷோகேஸ் கண்ணாடி முழுக்க நுணுக்கமான விரிசல். இதெல்லாம் ஏதோ ஊற்றிக் கொளுத்திய அடையாளம் மாதிரி இருக்கிறது என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெருவில் கேட்கவே வேண்டாம், கடன் தாங்காமல் மாமாவே வைத்துக்கொண்டார் என்று பாதிப் பேர், தொழில் போட்டி என்று மீதிப் பேர். பேப்பரில் மட்டும் மின்கசிவு. மீட்டர் போர்டு பக்கம் ஒயர் நுனியெல்லாம் உருகி மணிமணியாக இருப்பதும் நிஜம்.

எதை நம்புவது? கடையைக் கழுவிவிடலாமா? நாற்றம் தாங்கவில்லை என்று கட்டட ஓனர் நெருக்குகிறார்.

கெடிலக்கரை:

நம்ம ஊரில் எது எரிந்தாலும் மறுநாள் பேப்பரில் மின்கசிவுதான். கரண்டே இல்லாத வைக்கோல் போருக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை.

ஹோஸ்_பைப்:

தம்பி, முதலில் கழுவாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் கூட ஊற்ற வேண்டாம். வெளியே கொட்டிய குவியலையும் மாநகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓனரிடம் போலீஸ் விசாரணை முடியட்டும் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் அவர் பேச மாட்டார்.

நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடலூர், பண்ருட்டி பக்கம் குடிசைத் தீ, முந்திரிக்கொட்டைக் கிடங்கு, பஞ்சுக் கடை எல்லாம் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயத்துக்கு பெட்ரோலே தேவையில்லை.

ஒன்று, ஷட்டரைத் தூக்கியதும் குபீரென்று பாய்ந்தது. மூடிய கடைக்குள் ஃபோம் எரியும்போது உள்ளே இருக்கிற காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். தீ அடங்கின மாதிரி தெரியும், ஆனால் சூடு குறையாது. பாதி எரிந்த வாயுக்கள் கரும்புகையாகக் கூரைக்கடியில் திரண்டு நிற்கும். அந்தப் புகையே எரிபொருள்தான். புகைந்துகொண்டிருக்கிற விறகடுப்பில் ஊதுகுழலால் ஊதினால் பக்கென்று பிடிக்கிறதே, அதே கதைதான், அளவு மட்டும் ஒரு கடை அளவு. ஷட்டர் திறந்ததும் காற்று தரையை ஒட்டி உள்ளே போகும், நெருப்பு மேல்பக்கமாக வெளியே வரும். அதனால்தான் புகை கசிகிற கடையில் ஷட்டர் சூடாக இருந்தால் பொதுமக்கள் திறக்கக்கூடாது என்கிறோம். நாங்களே ஹோஸில் தண்ணீர் தயாராக வைத்துக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்து, கொஞ்சமாகத்தான் தூக்குவோம்.

இரண்டு, விடியும்வரை வாரிக் கொட்டியது. பஞ்சு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் நடுவில் இறங்காது. மெத்தையைக் கிழித்து உதறி நனைக்காமல் வண்டி கிளம்பினால் காலையில் திரும்பக் கூப்பிடுவீர்கள். ஆனால் அந்த வேலையில் தடயம் கலைந்துபோவதும் உண்மை, அது எங்கள் துறைக்கும் தடய அறிவியல் துறைக்கும் நடுவில் தீராத சண்டை.

ஓய்வு_ஏட்டு:

ஹோஸ்_பைப் அண்ணன் சொல்வது சரி, ஆனால் சிமெண்ட் பெயர்ந்திருக்கிறது என்கிறாரே? நான் போலீஸில் இருந்தவன். எங்கள் காலத்தில் தரை பெயர்ந்தால் பெட்ரோல், கண்ணாடி நுணுக்கமாக விரிந்தால் பெட்ரோல், இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அனுபவத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மாமா நல்லவராக இருக்கலாம், இருந்தாலும் கடன் இருக்கிறதா என்று விசாரிப்பது தப்பில்லை.

பாண்டி_வேதியியல்:

கடனை விசாரியுங்கள் சார், வேண்டாம் என்று யார் சொன்னது. தரையைப் பார்த்து ஆளைப் பிடிப்பதுதான் பிரச்சினை. நீங்கள் சொன்ன இரண்டு அடையாளமும் அமெரிக்காவிலும் பல வருடம் பாடமாக இருந்தவைதான், பிறகு சோதித்துப் பார்த்துக் கைவிட்டார்கள்.

கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் மலைச்சரிவில் பரவிய தீயில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. அவற்றில் யாரும் பெட்ரோல் ஊற்றவில்லை என்பது நிச்சயம். எரிந்து நின்ற ஐம்பது வீடுகளை ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தபோது பல வீடுகளில் இதே நுணுக்க விரிசல் கண்ணாடி கிடைத்தது. பிறகு ஆய்வகத்தில் சூடுபடுத்திப் பார்த்தால், வேகமாகச் சூடாக்கினால் அப்படி ஆகவில்லை, சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால்தான் ஆகிறது. அதாவது அந்த விரிசல் தீயணைப்பு வண்டி வந்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

சிமெண்ட் பெயர்வது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி விரிவதால், அல்லது மேல்பக்கமும் அடிப்பக்கமும் வெவ்வேறு வேகத்தில் விரிவதால். பெட்ரோல் தேங்கி எரியும்போது அதற்கு நேர் கீழே இருக்கிற தரை உண்மையில் அவ்வளவு சூடாவதே இல்லை, திரவம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இப்போது முக்கியமான விஷயம், அந்தத் திட்டுகள். அறைக்குள் கூரையடியில் திரளும் சூடான புகை சுமார் 600 டிகிரியை எட்டும்போது அதன் வெப்பம் கீழ்நோக்கி வீசி, அறையில் இருக்கிற எல்லாப் பொருளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். ஃபிளாஷ்ஓவர் என்பது இதுதான். ஃபோம் நிறைந்த கடையில் இது சில நிமிடத்தில் நடக்கலாம். அதற்குப் பிறகு தரையும் எரியும், எங்கே காற்று கிடைக்கிறதோ அங்கே அதிகமாக எரியும். உங்கள் கடையில் காற்று எங்கிருந்து வந்தது? ஷட்டர் பக்கம். கறுப்பு எங்கே அதிகம்? ஷட்டர் பக்கம்.

2005-ல் லாஸ் வேகாஸில் ஒரு சோதனை வைத்தார்கள். அறைகளைக் கொளுத்தி, ஃபிளாஷ்ஓவர் ஆன பிறகு சுமார் இரண்டு நிமிடம் மட்டும் எரியவிட்டு அணைத்தார்கள். அறையை நாலாகப் பிரித்தால் தீ எந்தப் பகுதியில் தொடங்கியது என்று 53 தீ விசாரணையாளர்களிடம் கேட்டால் ஓர் அறைக்கு 3 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே நாலில் ஒருவர் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

டெக்சஸில் கேமரூன் டாட் வில்லிங்ஹாம் என்பவர் வீடு 1991-ல் எரிந்து அவருடைய மூன்று பெண் குழந்தைகளும் இறந்தார்கள். தரைத் திட்டு, விரிசல் கண்ணாடி என்று இதே அடையாளங்களை வைத்து அவரே கொளுத்தினார் என்று தீர்ப்பாகி 2004-ல் மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். அந்த அடையாளங்கள் எதற்கும் அறிவியல் அடிப்படை இல்லை என்று பின்னர் பல தீ அறிவியலாளர்கள் எழுதினார்கள். ஏட்டு சார், அனுபவத்தின் விலை சில சமயம் இவ்வளவு.

ஓய்வு_ஏட்டு:

சரி, அப்படியானால் உண்மையிலேயே ஊற்றியவனை எப்படித்தான் பிடிப்பது?

பாண்டி_வேதியியல்:

மாதிரி எடுத்துத்தான். டைல்ஸ் இடுக்கு, பெயர்ந்த சிமெண்ட், மெத்தைக் குவியலின் அடியில் நெருப்பு முழுசாகப் படாத துணி, இங்கெல்லாம் பெட்ரோலின் கனமான பகுதி தங்கியிருக்கும், தண்ணீர் அடித்தாலும் முழுக்கப் போய்விடாது. அதை எடுத்து இறுக்கமாக மூடுகிற புதுத் தகர டப்பாவிலோ இதற்கென்று இருக்கிற நைலான் பையிலோ வைக்க வேண்டும். சாதாரணப் பாலிதீன் பையில் போட்டால் ஆவி வெளியே போய்விடும், பக்கத்துப் பையில் இருப்பதும் உள்ளே வந்துவிடும். ஆய்வகத்தில் கேஸ் குரோமட்டோகிராஃபில் (ஆவியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஓட்டினால் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தனித்தனி வரைபடம் வரும்.

சந்தேகமே இல்லாத ஓர் இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுத்தே ஆக வேண்டும், இதைத்தான் நிறைய இடத்தில் விட்டுவிடுகிறார்கள். ஃபோம் எரிந்தாலே டொலுவீன், ஸ்டைரீன் மாதிரி ரசாயனங்கள் வரும், அவற்றைப் பெட்ரோலோடு குழப்பிக்கொள்ளலாம், ஒப்பிடாமல் எப்படிச் சொல்வது? அதோடு மெத்தைக் கடையில் ஒட்டுவதற்கு ரப்பர் சொல்யூஷன் வைத்திருப்பார்களே, அதிலும் கரைப்பான் உண்டு. தம்பி, அது கடையில் இருந்ததா?

திருப்பாப்புலியூரான்:

இருந்தது சார், பின்பக்கம் டப்பா டப்பாவாக. ஜெனரேட்டர் டேங்கிலும் பெட்ரோல் இருந்தது. அப்போது பெட்ரோல் என்று ரிப்போர்ட் வந்தாலும் மாமா மாட்டுவாரா?

பாண்டி_வேதியியல்:

எங்கே கிடைத்தது என்பதைப் பொறுத்தது. ஜெனரேட்டரைச் சுற்றிக் கிடைத்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஷட்டருக்கு உள்பக்கம் கிடைத்தால் போலீஸ் கேள்வி கேட்கும், கேட்கவும் வேண்டும். ஜெனரேட்டர், டப்பாக்கள் எங்கே இருந்தன என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், ரிப்போர்ட் வந்த பிறகு சொன்னால் சமாளிக்கிறார் என்பார்கள்.

நேரு_வீதி_வக்கீல்:

மாதிரியை நீங்களே எடுக்காதீர்கள், கோர்ட்டில் நிற்காது. ஸ்டேஷனில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, தடய அறிவியல் துறையை வரவழைக்கச் சொல்லிக் கேளுங்கள். தீயணைப்பு நிலையத்தில் அறிக்கைக்கு மனு போடுங்கள். உங்கள் பங்குக்கு மொபைலில் மூலைமுடுக்கு விடாமல் படம் எடுங்கள், எதையும் நகர்த்தாமல்.

சர்வேயர் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை, அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நீங்களே கொளுத்தினீர்கள் என்று கம்பெனி சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. கர்நாடகத்தில் குளிர்பதனக் கிடங்கு எரிந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பாலிசிதாரர் தானே வைத்த தீ இல்லை என்றால், அது ஷார்ட் சர்க்யூட்டால் வந்ததா வேறு எதனால் வந்ததா என்பது இழப்பீட்டுக்கு முக்கியமில்லை. எனவே மின்கசிவுதான் என்று நீங்கள் நிரூபித்தாக வேண்டும் என்கிற பயம் வேண்டாம்.

வேறு யாராவது வைத்திருந்தால், 2024 ஜூலை 1 முதல் பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 326-வது பிரிவு. சரக்கு வைக்கிற கட்டடம் என்றால் ஆயுள் தண்டனை வரை போகும். அதனால்தான் பக்கத்துக் கடைக்காரர் பெயரை ஆதாரமில்லாமல் புகாரில் எழுதாதீர்கள்.

ஹோஸ்_பைப்:

ஒயர் மணி பற்றி யாரும் சொல்லவில்லையே. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். நுனி மட்டும் மணியாக உருண்டு, பக்கத்து ஒயர் உருகாமல் இருந்தால் அந்த இடத்தில் கரண்ட் ஓடும்போது பொறி பறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் பொறி பறந்து தீப்பிடித்ததா, தீ வந்து இன்சுலேஷன் எரிந்து பொறி பறந்ததா என்பதை மணி மட்டும் சொல்லாது. எந்தெந்த ஒயரில் மணி இருக்கிறது, எதில் இல்லை, எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழுகிற சுவிட்ச்) எந்த நிலையில் நின்றது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தீ எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஓரளவு பிடிக்கலாம். அதனால் போர்டைக் கழற்ற விடாதீர்கள்.

கடலோர ஊரில் இன்னொன்று. உப்புக் காற்றில் ஒயரை முடுக்குகிற டெர்மினல் பச்சைக் களிம்பு பிடித்து ஸ்க்ரூ தளர்ந்துவிடும், அந்த இடம் மட்டும் சூடேறிக்கொண்டே இருக்கும். கரண்ட் அளவு கூடாததால் எம்சிபியும் விழாது. தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் கருகின போர்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மாமாவிடம் இதைக் கேளுங்கள்: தீப்பிடிப்பதற்கு முன்னால் லைட் மினுக்கியதா, போர்டு பக்கம் கருகல் வாடை வந்ததா, ஃப்ரிட்ஜ் மாதிரி இரவிலும் ஓடுகிற எதாவது அந்த லைனில் இருந்ததா?

திருப்பாப்புலியூரான்:

கேட்டேன். ஃப்ரிட்ஜ் இல்லை, ஆனால் தைக்கிற இடத்தில் இருந்த லைட் ஒரு மாதமாகவே மினுக்கிக்கொண்டிருந்ததாம், பல்புதான் மட்டம் என்று இரண்டு தடவை மாற்றியிருக்கிறார். நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறோம், இதையும் புகாரில் எழுதிவிடுகிறேன்.